மைக்ரோபிளேடிங்கா, பவுடரா, நனோவா? புருவத்துக்கான முறையைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

என்னிடம் வருகிறவர்களில் அநேகமானோர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி வேணும்" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். அந்தப் படம் பெரும்பாலும் வேலை முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் எடுத்ததாக இருக்கும். ஆறிய பிறகு அந்தப் புருவம் எப்படி இருந்தது என்று அதில் தெரியாது. படத்தில் இருப்பவரின் தோல் வறண்டதா, எண்ணெய் வடிவதா என்றும் தெரியாது.

மைக்ரோபிளேடிங், பவுடர், நனோ மூன்றும் ஊசியால் தோலுக்குள் நிறமி ஏற்றிப் புருவத்தை நிரப்பும் முறைகள். முறையைத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை அல்ல, ஐந்தாவது வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடித்தால் எந்த முறை என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். யாழ்ப்பாணத்தின் வெயிலையும் வியர்வையையும் கணக்கில் எடுத்துத்தான் இந்த ஒழுங்கை எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நாட்காட்டியை எடுங்கள்

நிறம் தோலுக்குள் ஆறி, தன் உண்மையான சாயலைக் காட்ட 4 முதல் 6 கிழமை எடுக்கும். விடுபட்ட இடங்களை நிரப்பும் இரண்டாவது அமர்வு, அதாவது டச் அப், வழமையாக 6 முதல் 8 கிழமைக்குள் நடக்கும். அதுவும் ஆற இன்னும் 4 கிழமை வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 3 மாதம்.

"ரெண்டு கிழமையில கலியாணம், இப்ப செய்யலாமோ?" என்று கேட்டால் என் பதில் இல்லை என்பதுதான். இரண்டாவது கிழமையில்தான் பொருக்கு உதிர்ந்து, நிறம் காணாமல் போனதுபோலத் தெரியும். அந்த முகத்தோடு மணவறையில் இருக்க யாரும் விரும்பமாட்டார்கள். கலியாண நாளிலிருந்து அல்ல, பொன்னுருக்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். படம் எடுப்பது அன்றைக்கே தொடங்கிவிடும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். விடியப்புறம் நடந்து போய், வெயிலில் நின்று, வியர்த்து, நெற்றி நிறைய விபூதியும் சந்தனமும் பூசுகிற காலம் அது. கொடியேற்றத்துக்குக் குறைந்தது 3 கிழமைக்கு முன் முதல் அமர்வை முடியுங்கள். இல்லாவிட்டால் திருவிழா முடிந்த பிறகு பாருங்கள். என்னைக் கேட்டால் மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் ஆறுவது கடினம்.

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ 3 கிழமை விடுமுறையில் வருகிறவர்கள் இங்கே முதல் அமர்வைச் செய்துவிட்டுப் போனால், இரண்டாவதை அங்கே வேறொருவரிடம்தான் செய்ய வேண்டிவரும். என்ன நிறமி, எவ்வளவு ஆழம் என்று தெரியாத வேலையைத் தொட அங்கே பலர் தயங்குவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு 6ஆம் பகுதியில் உள்ள தற்காலிக முறைகளே பொருத்தம்.

2. புருவம் ஏன் குறைந்தது என்று பாருங்கள்

பல வருடம் திரெடிங்கில் ஒரே இடத்தை இழுத்து இழுத்து மயிர் வராமல் போனதா? அப்படியானால் பிரச்சினையில்லை, நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

புருவத்தின் வெளிப்பக்க மூன்றிலொரு பங்கு மட்டும் மெலிந்து வந்தால், அதோடு களைப்பும் தலைமயிர் உதிர்வும் இருந்தால், முதலில் தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வட்டமாக, திட்டாக மயிர் கொட்டியிருந்தாலும், உணர்ச்சி குறைந்த வெளிறிய திட்டு உடம்பில் எங்காவது இருந்தாலும் தோல் வைத்தியரிடம் போக வேண்டும். அடியிலுள்ள வருத்தத்தை விட்டுவிட்டு மேலே நிறம் போட்டால், வருத்தத்தைக் காட்டித் தந்த அடையாளத்தை நாமே மூடிவிடுகிறோம். மருந்தில் மயிர் திரும்ப முளைத்தால் போட்ட நிறமும் வீண்.

3. இப்போது செய்யக்கூடாதவர்கள்

இது பச்சை குத்துவதைப் போலத் தோலைத் துளைக்கிற வேலை. இரத்தம் கசியக்கூடும். ஆகவே பின்வருபவர்கள் பொறுக்க வேண்டும், அல்லது வைத்தியரைக் கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிறகு செய்யலாம், அவசரமில்லை. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் காயம் மெதுவாக ஆறும், தொற்றும் எளிதில் வரும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கசிவு கூடி, நிறமியை வெளியே தள்ளிவிடும். அதற்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. புருவத்தை விட இதயம் பெரிது.

பருவுக்கு ஐசோட்ரெட்டினொயின் குளிசை எடுத்தவர்கள் அதை முடித்து 6 மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம், பொறுக்க வேண்டும். ரெட்டினோல் கிறீமையும் முகத்தை வெளிறச் செய்யும் கிறீம்களையும் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்துங்கள். மெலிந்த தோலில் கோடு பிளந்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை: காது, மூக்கு குத்திய இடத்தையும் பழைய வெட்டுக்காயத்தையும் தடவிப் பாருங்கள். கட்டியாகத் தடித்திருந்தால் உங்களுக்குக் கெலொயிட் வரும் உடம்பு. எந்த முறையும் வேண்டாம். எங்களுடைய நிறத் தோலில் கெலொயிட்டும், காயம் ஆறிய இடம் கருமையாவதும் வெள்ளைத் தோலை விட அதிகம். வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

சாமத்தியவீட்டுக்காகப் பிள்ளைக்குச் செய்துவிடும்படி கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். வளர்கிற முகம் அது, புருவத்தின் இடமே மாறும். 18 வயதுக்கு முன் நான் தொடுவதில்லை.

4. தோலைச் சோதியுங்கள்

காலையில் மென்மையான சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு ஒன்றும் பூசாமல் இருங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, மெல்லிய டிசு ஒன்றைப் புருவத்தின் மேலும் இரண்டு புருவத்துக்கு நடுவிலும் அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தால் எண்ணெய்த் தோல். ஒன்றும் ஒட்டாவிட்டால் வறண்ட தோல். பிறகு கண்ணாடியில் கிட்டப் பாருங்கள். அந்த இடத்தில் துவாரங்கள் பெரிதாகத் தெரிகின்றனவா?

குளிரூட்டிய அறையில் இருந்து சோதிக்க வேண்டாம். நீங்கள் வாழ்வது எந்த வெக்கையிலோ அதிலேயே சோதியுங்கள். கன்னத்தைப் பார்த்து "எனக்கு ட்ரை ஸ்கின்" என்று சொல்கிற பலருக்கு நெற்றியும் புருவமும் எண்ணெயாக இருக்கும்.

இந்தப் படிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய காலத்தில், எண்ணெய்த் தோலுள்ள ஒரு தங்கச்சிக்கு அவர் கேட்டபடியே மைக்ரோபிளேடிங் செய்தேன். முதல் நாள் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. 5 மாதத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டன. அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. அன்றிலிருந்து டிசுவைப் பார்க்காமல் நான் முறையைப் பற்றிக் கதைப்பதில்லை.

5. இப்போது முறைகளை ஒப்பிடலாம்

மைக்ரோபிளேடிங். கையால் பிடிக்கும் பேனா போன்ற கருவி. முனையில் மிக மெல்லிய ஊசிகள் வரிசையாக, சரிவாக நிற்கும். அதைக் கொண்டு மயிர் போன்ற சிறு கீறல்கள் போட்டு அவற்றுக்குள் நிறமியைத் தடவுவார்கள். வறண்ட அல்லது சாதாரண தோலில், ஓரளவு சொந்த மயிரும் இருந்தால், மற்றவருக்குத் தெரியாத அளவுக்கு இயல்பாக இருக்கும். ஆயுள் 12 முதல் 18 மாதம். எண்ணெய்த் தோலில் அதைவிடக் குறைவு. சுரக்கும் எண்ணெய் கோட்டின் ஓரத்தைக் கரைத்து அகலப்படுத்துவதுதான் காரணம்.

இதன் இன்னொரு குறை, இது வெட்டு என்பது. ஒரே இடத்தில் ஒவ்வொரு வருடமும் வெட்டினால் தழும்பு சேரும், தழும்பில் நிறம் சரியாகப் பிடிக்காது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு வேறு முறைக்கு மாறச் சொல்லுவேன்.

பவுடர் புருவம். ஒம்ப்ரே என்பதும் இதைத்தான். முன்பக்கம் மெலிந்து வால்பக்கம் அடர்ந்து வரும். இயந்திரத்தில் ஒற்றை ஊசி பொருத்திப் புள்ளி புள்ளியாக நிறம் ஏற்றுவது. பென்சிலால் மென்மையாகத் தீட்டியதுபோல் இருக்கும். மயிர்க்கோடு தெரியாது. புள்ளிகள் கொஞ்சம் பரவினாலும் தோற்றம் கெடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே மென்மையான நிழல்தான். அதனால் எண்ணெய்த் தோலுக்கும், வயது போய்ச் சுருங்கிய தோலுக்கும் இது தாங்கும். ஆயுள் 2 முதல் 3 வருடம். முதல் கிழமை மிகக் கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அழுகிறவர்கள் இந்த முறையில்தான் அதிகம்.

நனோ. இதுவும் இயந்திரம், ஒற்றை மெல்லிய ஊசி. ஆனால் புள்ளியால் நிழல் போடாமல் மயிர்க்கோடு வரைவார்கள். வெட்டு இல்லாததால் தோலுக்கு மைக்ரோபிளேடிங்கை விட நோவு குறைவு, எண்ணெய்த் தோலிலும் கோடு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால் கை பழகியிருக்க வேண்டும். இயந்திரத்தின் வேகமும் கையின் வேகமும் ஒத்துவராவிட்டால் கோடு விட்டு விட்டு வரும். இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இல்லை இது.

கொம்போ. முன்பக்கம் மயிர்க்கோடு, உடலும் வாலும் பவுடர். வாலில் மயிர் இல்லாதவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், மத்தியான வெயிலில் திரும்பி, டிசுவில் எண்ணெய் தெரிகிற ஒருவருக்குப் பவுடர்தான். மயிர்க்கோடு வேண்டும் என்று மனது கேட்டால் முன்பக்கம் மட்டும் நனோ போட்ட கொம்போ. மைக்ரோபிளேடிங்கை வறண்ட தோலும், சிறிய துவாரமும், சொந்த மயிரும் மூன்றும் சேர்ந்தவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்படியானவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேட்கிறவர்களின் தொகையை விடக் குறைவு.

6. முடிவெடுக்க முடியாவிட்டால் தற்காலிகமாகச் செய்து பாருங்கள்

புருவ டின்ட், அதாவது புருவத்துக்குச் சாயம் பூசுவது, மயிரில் 3 முதல் 6 கிழமை நிற்கும், தோலில் சில நாளில் போய்விடும். புருவ மருதோண்டி தோலிலும் ஒரு கிழமை அளவு நிற்கும், ஆகவே புதிய வடிவத்தோடு வாழ்ந்து பார்க்க இது நல்ல வழி. லமினேஷன் இருக்கிற மயிரை மேல்நோக்கிப் படியவைப்பது, 6 கிழமை அளவு நிற்கும். மயிரே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

கறுப்பு மருதோண்டி என்று விற்பதைப் புருவத்தில் வைக்க வேண்டாம். அதில் கலக்கும் பிபிடி என்ற சாயம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும், முகமே வீங்கும். உண்மையான மருதோண்டி செம்பழுப்புத்தான் தரும், கறுப்புத் தராது. தலைச்சாயத்துக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் டின்ட் வைப்பதற்கு முன்பும் அதைச் சொல்லுங்கள்.

7. நிறம்: கறுப்பைக் கேட்காதீர்கள்

"என்ர தலைமயிர் கறுப்பு, அப்ப கறுப்புத்தானே போடோணும்?" இது எல்லோரும் கேட்கும் கேள்வி, எல்லோரும் விடும் பிழையும் இதுதான். நிறமியை நாம் தோலுக்கு மேலே பார்ப்பதில்லை, தோலுக்கு ஊடாகப் பார்க்கிறோம். கார்பன் கறுப்பு ஆழமாக இறங்கினால் ஆறியபின் நீலச் சாம்பலாகத் தெரியும். பழைய பச்சைக் குத்துகள் நீலமாகத் தெரிவது இதனால்தான்.

எங்கள் மாநிறத் தோலுக்குச் சூடான சாயல் கலந்த கடும் பழுப்புத்தான் வேண்டும். குளிர்ந்த சாயல் சாம்பலாகும். இரும்பு ஒட்சைட்டு நிறமிகள் காலப்போக்கில் செம்மையாக வெளிறும், ஆகவே எந்த வகை நிறமி என்று கேட்டு, எப்படி வெளிறும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் ஒரு படி மென்மையாகவே போடச் சொல்லுங்கள். இரண்டாவது அமர்வில் கூட்டலாம். கூடிவிட்டால் குறைப்பது எளிதில்லை.

8. இடத்தையும் கையையும் பாருங்கள்

ஆறிய படங்களைக் கேளுங்கள். குறைந்தது 6 கிழமை கழிந்த, மாநிறத் தோலின், பில்டர் போடாத படங்கள். "அப்படி எடுத்து வைக்கேல்ல" என்று சொன்னால் நான் அங்கே செய்யமாட்டேன்.

ஊசி உங்கள் கண் முன்னால் புதிய பொதியிலிருந்து திறக்கப்பட வேண்டும். பொதியில் காலாவதித் திகதி இருக்கும், வாசியுங்கள். வேலை முடிந்ததும் அது கூரான பொருட்களுக்கான கழிவுப் பெட்டிக்குள் போக வேண்டும். டெட்டோலில் துடைப்பதும், கொதிநீரில் போட்டு எடுப்பதும் கிருமியழித்தல் ஆகாது. ஈரல் அழற்சி பி, சி, எச்ஐவி ஆகியவை பகிர்ந்த ஊசியால் பரவக்கூடியவை. நிறமியையும் ஒருவருக்கு ஒரு சிறு கிண்ணம் என்று எடுத்து, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். போத்தலுக்குள் திரும்ப ஊற்றினால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஒவ்வாமைச் சோதனையும் கேளுங்கள். காதின் பின்பக்கம் நிறமியையும் மரத்துப்போகும் கிறீமையும் சிறிது வைத்து 48 மணித்தியாலம் பார்ப்பது. விலை கேட்கும்போது இரண்டாவது அமர்வும் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். மலிவாகச் சொல்லும் பல இடங்களில் அது தனிக்கணக்கு.

9. அளவெடுக்கும்போது அவசரப்படாதீர்கள்

மூக்கின் ஓரத்திலிருந்து நேரே மேலே போகும் கோடு புருவத்தின் தொடக்கம். மூக்கோரத்திலிருந்து கருவிழியின் வெளியோரத்தைத் தொட்டுப் போகும் கோடு வளைவின் உச்சி. கண்ணின் வெளிமூலையைத் தொடும் கோடு முடிவு. மை தடவிய நூலால் இதைக் குறிப்பார்கள்.

படுத்திருந்து சரிபார்க்க வேண்டாம், முகத்தசை பின்னால் விழுந்து உயரம் மாறும். எழும்பி நின்று, பகல் வெளிச்சத்தில், முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். படமும் எடுத்துப் பாருங்கள். பொட்டு வைப்பவர்கள் பொட்டை வைத்துப் பார்க்க வேண்டும், நடு இடைவெளி அப்போதுதான் சரியாகத் தெரியும். திருத்தம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்தப் படியில் துடைத்துவிடலாம். அடுத்த படியில் முடியாது.

10. செய்த நாளும் பிந்திய 14 நாளும்

அன்று காலையில் கோப்பி வேண்டாம், முதல்நாள் மதுவும் வேண்டாம். இரண்டும் கசிவைக் கூட்டலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரத்துப்போகும் கிறீமோடு சேர்த்து 2 முதல் 3 மணித்தியாலம் எடுக்கும்.

முதல் நாள் தெளிந்த நீர் கசியும். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுங்கள். காயவிட்டால் தடித்த பொருக்காகி, உதிரும்போது நிறத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். முதல் 3 நாளும் கிணற்றுத் தண்ணீரை நேரே படவிடாமல் கொதித்தாறியதையே பாவியுங்கள்.

தந்த களிம்பை அரிசி மணியளவு எடுத்து இரண்டு புருவத்துக்கும் மெல்லியதாகப் பூசுங்கள். இங்கே வெக்கையும் ஈரப்பதனும் அதிகம். குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து வசிலினை அப்பினால் தோல் ஊறி நிறம் கழன்றுவிடும்.

வீட்டில் அன்பாகச் சொல்லப்படும் மஞ்சள், தேங்காயெண்ணெய், முற்றத்துக் கற்றாழை எதையும் வைக்காதீர்கள். அது திறந்த காயம். விபூதியை இரண்டு கிழமைக்குக் கழுத்திலோ கையிலோ பூசிக்கொள்ளுங்கள். நெற்றியில் பூசினால் காய்ந்து புருவத்தில்தான் கொட்டும்.

ஹெல்மெட்டை யாரும் யோசிப்பதில்லை. அதன் உட்பக்கப் பஞ்சு சரியாகப் புருவத்தின் மேல்தான் உரசும், பழைய வியர்வையும் அழுக்கும் அதில் இருக்கும். ஹெல்மெட் போடாமல் ஓடச் சொல்லவில்லை. 10 நாளைக்கு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போங்கள்.

எண்ணெய் முழுக்கு, கீரிமலைக் குளிப்பு, கசூரினாக் கடற்கரை எல்லாம் 3 கிழமைக்குப் பிறகு. பொரிக்கும்போது சட்டிக்கு மேலே குனிய வேண்டாம், ஆவியும் வியர்வையும் நிறத்தை இளக்கும்.

2 முதல் 4ஆம் நாள் வரை நிறம் மிகக் கடுமையாக இருக்கும். 5 முதல் 10ஆம் நாளுக்குள் பொருக்கு உதிரும், கடிக்கும். சொறியவோ உரிக்கவோ கூடாது. பிறகு நிறம் போய்விட்டதுபோல் இருக்கும். புதுத்தோல் மேலே மூடியிருப்பதால் வரும் தோற்றம் அது. 4ஆம் கிழமையில் நிறம் திரும்ப எழும்பும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் வேறொருவரிடம் உடனே திரும்பப் போடுவார்கள். ஆறாத தோலில் இரண்டாந்தரம் குத்தினால் தழும்புதான் மிஞ்சும்.

3ஆம் நாளுக்குப் பிறகும் சிவப்பும் சூடும் கூடிக்கொண்டு வந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் செய்தவருக்குப் படம் அனுப்பிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

11. இரண்டாவது அமர்வு

6 கிழமைக்கு முன் போகாதீர்கள். போகும்போது எங்கே நிறம் விட்டிருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு போங்கள். முழுவதும் விட்டிருந்தால் அதே முறையைத் திரும்பச் செய்வதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். எண்ணெய்த் தோலா, பொருக்கை உரித்தீர்களா, ஊசி மேலோட்டமாகப் போனதா? மைக்ரோபிளேடிங் கோடு மங்கியிருந்தால் அதன் மேல் மெல்லிய பவுடர் போட்டுக் கொம்போவாக்கலாம்.

ஆறியபின் நாளாந்தம் சன்ஸ்கிறீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். வெயில்தான் நிறத்தை வேகமாகத் தின்னும்.

12. பிழைத்துப்போனால்

பிழையான இடத்தைத் தோல்நிறத்தால் மூடித்தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிறமியில் தைத்தானியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளை இருக்கும். பிறகு லேசரால் எடுக்கப் போனால் அந்த வெள்ளை கறுத்துவிடலாம். லேசர் ஒரு தடவையில் முடியாது, எங்கள் நிறத் தோலில் அனுபவமுள்ள தோல் வைத்தியர்தான் செய்ய வேண்டும். சும்மா வெளிற விடுவதும் ஒரு வழி, பல நேரங்களில் அதுவே நல்ல வழி.

செய்த திகதி, முறை, நிறமியின் பெயர், போத்தலில் உள்ள தொகுதி இலக்கம் ஆகியவற்றை எழுதித் தரும்படி அன்றே கேட்டு, மருத்துவக் கொப்பியோடு வையுங்கள். அடுத்தவர் திருத்தவும், லேசர் வைத்தியர் கணக்குப் பார்க்கவும் அதுதான் வேண்டும். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் புருவத்தில் நிறமி இருக்கிறது என்று முன்பே சொல்லுங்கள், இரும்பு கலந்த நிறமி சிலருக்கு அங்கே சூடாக உணரவைக்கும். இரத்ததானம் செய்யப் போனாலும், படிவத்தில் பச்சை குத்தியதைப் பற்றிக் கேட்கும் இடத்தில் இதையும் எழுதுங்கள்.